மூச்சை எண்ணிப் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு நள்ளிரவு. எட்டு மாதப் பேரனுக்கு மூன்று நாளாகச் சளி. நெஞ்சில் தேய்த்துவிடலாம் என்று தைலப் புட்டியைத் திறந்தேன். "கொஞ்சம் இருங்க அத்தை" என்றாள் மருமகள். குழந்தையின் சட்டையைத் தூக்கி, கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினாள். 58! ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மாலையிலிருந்து பாலும் சரியாகக் குடிக்கவில்லை.

உடனே மருத்துவமனைக்கு ஓடினோம். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை வீங்க வைத்துச் சளியால் அடைத்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வருமாம். வைரஸ் என்பதால் ஆண்டிபயாடிக் பயன் தராது. இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பிள்ளை தேறிவிட்டான்.

நான்கு பிள்ளைகளை வளர்த்தவள் நான். இருமல் சத்தம் கேட்டுப் பயந்திருக்கிறேனே தவிர, மூச்சைப் பார்த்ததில்லை. பேரன் அதிகம் இருமாததால் அன்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. மூச்சு இந்த அளவைத் தொட்டாலே அது வேக மூச்சு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

நெஞ்சு உள்வாங்கினால், மூச்சு விடும்போது முனகினால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பியும் சோர்ந்தே கிடந்தால் விடியும்வரை பொறுக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இல்லையென்றால் 999க்கு அழையுங்கள்.

சாதாரணச் சளிதான் என்றால், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மூக்கடைப்பை இளக்கும். மருத்துவர் சொல்லாமல் இருமல் மருந்து வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. வீட்டுக்குள் சிகரெட் புகை அறவே கூடாது.

அந்தத் தைலப் புட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது என் முழங்காலுக்கு மட்டும்!