அந்த மேகம் சும்மா நிற்கவில்லை

டச்சு ஓவியர்களுக்குக் கற்பனை கிடையாது, கண்ணெதிரே இருந்த வயலையும் மாட்டையும் வானத்தையும் நகல் எடுத்தார்கள், அதில் பாவம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்கு இந்த அபிப்பிராயம் கொஞ்சமும் சம்மதமில்லை.

யாக்கப் வான் ராய்ஸ்டால் 1670-ஐ ஒட்டிய வருஷங்களில் தீட்டிய ஹார்லெம் நகரக் காட்சி ஒன்று, ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் காட்சிசாலையில் இருக்கிறது. சுமார் இரண்டடி அகலப் படம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வானம். கீழே, மணல்மேட்டுக்கு அப்பால், வெளுப்பதற்காக விரித்த லினன் துணிகள். தொடுவானத்தில் செயின்ட் பாவோ தேவாலயம். மனிதர்கள் எறும்பத்தனை. கதை என்று ஒன்றும் இல்லை.

இல்லையா? வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேகங்களின் நிழல் பூமியில் திட்டுத்திட்டாகப் படிந்திருக்க, இடையே ஒளி அந்தத் துணி விரித்த புல்தரையைத் தேடிக்கொண்டு வருகிறது. ஹார்லெம் அந்நாளில் துணி வெளுப்பதற்குப் பேர்போன ஊர். காரநீரிலும் மோரிலும் மாற்றி மாற்றி ஊறவைத்த துணியை மாதக்கணக்கில் வெயிலில் போட்டு எடுப்பார்கள். அவர்களுக்கு வெயில் அழகு அல்ல, பிழைப்பு. அந்தப் பிழைப்பின் தலைக்கு மேலே இத்தனை பெரிய மேகம் நகர்ந்துகொண்டிருக்கிறது! இதைவிட என்ன கதை வேண்டும்?

நகல் என்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். 'யூதர்களின் இடுகாடு' என்று இவர் இரண்டு படங்கள் தீட்டினார். ஒன்று டிரெஸ்டனிலும் மற்றது டெட்ராயிட்டிலும் இருக்கின்றன. கல்லறைகள் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே அவுடர்கெர்க்கில் உள்ளவை, வாஸ்தவம். பின்னால் நிற்கும் இடிபாடு அங்கே இருந்ததே இல்லை. அவர் கொண்டுவந்து வைத்தது. கதே 1816-ல் வெளியிட்ட கட்டுரைக்குக் 'கவிஞராக ராய்ஸ்டால்' என்றே பெயரிட்டார். நகல் எடுப்பவனை யாராவது கவிஞன் என்பார்களா?

மறுப்பவர்களைக் கூட மன்னித்துவிடலாம். "ஆஹா, என்ன அமைதி!" என்று பெருமூச்சு விடும் ரஸிகர்களை என்ன செய்வது? அவர்களுக்கு ஓவியம் ஒரு தலைவலித் தைலம். நாவலிலும் வானத்தை வர்ணிக்கும் பக்கம் வந்தால், "சம்பவம் எங்கே?" என்று புரட்டிவிட்டுப் போகிறவர்கள் இவர்களே. வானம் அலங்காரத் திரை அல்ல, ஐயா! அதன் கீழே பிழைக்கிறவனுக்கு அதுதான் சம்பவம்.