பனிமலையில் ஓர் இரவு

குளிர்காலத் தொடக்கத்தில் பத்ரிநாத் ஆலயத்தின் நடை சாத்தப்படும் நாளில், மாணா என்னும் எல்லையோரச் சிற்றூரின் பெண்கள் நெய்து தரும் கம்பளியில் நெய் தோய்த்துப் பெருமாளுக்குப் போர்த்துகிறார்கள். பனிக்காலம் முழுவதும் பெருமாள் அந்தக் கம்பளியோடு எழுந்தருளியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கைசிக ஏகாதசியன்று 108 போர்வைகள் சாற்றும் வைபவம் நடைபெறுகிறது. இறைவனுக்குக் குளிருமே என்று கவலை கொண்ட மரபு நம்முடையது. ஆயினும், அவனைத் தரிசிக்கப் பனிமலை ஏறும் அடியார்கள் தம்முடைய போர்வையைப் பற்றி அவ்வளவு கவலை கொள்வதில்லை.

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோர்க்கு வெப்பம் பழகியது, குளிரே புதியது. மார்கழி வைகறையில் நடராஜர் ஆலயத்துக்குச் செல்ல ஒரு சால்வையும் காதை மூட ஒரு மப்ளரும் போதும். அந்த அனுபவத்தைக் கொண்டு கேதாரத்தின் குளிரை அளக்க முடியாது. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். இக்கணக்கின்படி, சமவெளியில் 25 டிகிரி நிலவும்போது அங்கே 2 டிகிரி அளவே இருக்கும். தீபாவளியையொட்டி நடை சாத்தப்படும் காலத்து இரவுகளில் அது உறைநிலைக்கும் கீழே இறங்குவது இயல்பு. அறை கிடைக்காதவர்கள் கூடாரத்தில் தங்க நேரும். அப்போது துணை நிற்பது ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறங்குபை.

உறங்குபை தானாக வெப்பம் தருவதில்லை. இதை அனல்மின் நிலையத்தில் பணிபுரிந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். நீராவிக் குழாயின் மேல் சுற்றப்படும் காப்பு உறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. உறங்குபையும் அவ்வாறே. வெப்பத்தைத் தருவது உடல். பையின் உள்நிரப்பில் சிறைப்பட்ட காற்று அதைக் காக்கிறது. ஆகவே உடலின் வெப்பம் குறைந்தவருக்குக் கூடுதல் காப்பு வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கணவரும் மனைவியுமாக யாத்திரை புறப்படும்போது ஒரே வகையில் இரண்டு பைகள் வாங்குகிறார்கள். “எனக்கு இது போதும், உனக்குப் போதாதா?” என்று கணவர் கேட்பதுண்டு. போதாமல் போகக்கூடும் என்பதே விடை. பன்னாட்டுத் தர அளவீட்டின்படி சோதிக்கப்பட்ட பைகளில் மூன்று வெப்பநிலைகள் குறிக்கப்படும். முதலாவதான ‘கம்ஃபர்ட்’, சராசரிப் பெண் ஒருவர் சுகமாக உறங்கக்கூடிய அளவு. இரண்டாவதான ‘லிமிட்’, சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு உறங்கக்கூடிய எல்லை. மூன்றாவதான ‘எக்ஸ்ட்ரீம்’, உயிர் பிழைத்திருப்பதற்கான அளவு மட்டுமே. அதில் உறக்கம் இல்லை. மிகக் குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்து வாங்கினால் இரவெல்லாம் நடுங்க நேரும். முதியோர், ஆணாயினும் பெண்ணாயினும், முதல் எண்ணையே பார்க்க வேண்டும். செல்லுமிடத்தில் எதிர்பார்க்கும் குளிரைவிட அந்த எண் 5 டிகிரியேனும் குறைவாக இருப்பது நலம்.

அடுத்தது தாராளம். தலைப்பக்கம் அகன்று கால்பக்கம் குறுகிய ‘மம்மி’ வடிவப் பை வெப்பத்தை நன்கு காக்கும்; ஆனால் முழங்கால் வலி உள்ளவர் அதில் புரண்டு படுப்பது கடினம். மேலும், பை இறுக்கமாக இருந்தால் முழங்கையும் முழங்காலும் உள்நிரப்பை அழுத்தும். அழுந்திய இடத்தில் குளிர் புகும். மிகவும் அகன்றதாக இருந்தாலோ உள்ளிருக்கும் வெற்றுக் காற்றையெல்லாம் உடலே சூடாக்க வேண்டியிருக்கும். எனவே கடையிலேயே ஸ்வெட்டர் அணிந்து பைக்குள் படுத்துப் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக் காலை மடக்க இயல வேண்டும். கால்நுனியில் நாலு விரற்கடை இடம் மிஞ்ச வேண்டும். ஜிப்பை உள்ளிருந்தபடியே இருட்டில் திறக்க வர வேண்டும். இரவில் எழுந்து செல்லும் தேவையுள்ள முதியோர்க்கு இந்தக் கடைசிச் சோதனை மிக முக்கியம்.

உள்நிரப்பு இருவகை. வாத்தின் மென்தூவி எடை குறைந்தது, வெதுவெதுப்பு மிக்கது. நனைந்தால் பயன் குன்றும். செயற்கை இழை சற்றுக் கனமானது. ஈரம் பட்டாலும் ஓரளவு காக்கும், விரைவில் உலரும். மழை அடிக்கடி பெய்யும் மலைப்பாதைக்கும், பறவையின் தூவியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்களுக்கும் செயற்கை இழையே ஏற்றது. எதுவாயினும், முதுகின் கீழ் உள்நிரப்பு அழுந்திவிடுவதால் தரையின் குளிர் மேலேறும். பைக்கு அடியில் தடித்த பாய் ஒன்று இன்றியமையாதது. வாடகைக்கு எடுப்பவர்களும் இவற்றையெல்லாம் பார்த்தே எடுக்க வேண்டும்.

படுக்கும் முன் ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடையும் காலுறையும் குல்லாயும் அணிய வேண்டும். மூக்கையும் வாயையும் பைக்குள் புதைத்தால் மூச்சின் ஈரம் உள்ளே படியும். குளிர் தாளாமல் கூடாரத்துக்குள் கரி அடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடு மணமின்றிப் பரவி, உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். உயரத்தால் வரும் தலைவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு உறங்குபை மருந்தன்று. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே புறப்பட வேண்டும்.

உடல் தேயத் தேயக் கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் பெருமானைத் திருப்பி அனுப்பி, திருவையாற்றிலே கயிலைக் காட்சி அளித்தவன் இறைவன். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தைப் பாடினர் என்பது மரபு. உடலை வருத்திக்கொண்டுதான் வர வேண்டும் என்று அவன் ஒருபோதும் கேட்டதில்லை. இயலாதவர்க்குத் திருவையாறு இருக்கிறது. இயன்றவர்கள் நன்றாக உறங்கி எழுந்தால்தான் விடியற்காலைச் சந்நிதியில் நடுக்கமின்றிக் கைகூப்பி நிற்க முடியும். ஆகவே கணவர் முதலில் மனைவிக்குரிய பையைத் தேர்ந்தெடுக்கட்டும். தமக்குரியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.