வழியனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி

 

பிள்ளைகளை மேற்படிப்பிற்காகக் கடல் கடந்து அனுப்பி வைப்பது இன்று நம் ஊர்களில் அரிய செய்தியன்று. நிலத்தை விற்றும், உம்மாவின் நகையை அடகு வைத்தும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும் கட்டணத்தைத் திரட்டி விடுகின்றோம். பெட்டியில் ஊறுகாயும் மசாலாப் பொடியும் மறவாமல் இடம்பெற்று விடுகின்றன. ஆயினும், “நள்ளிரவில் ஆபத்து ஒன்று நேர்ந்தால் நீ முதலில் யாரை அழைப்பாய்?” என்னும் கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை. இதற்குப் பிள்ளையிடம் விடை இல்லையெனில், பயண ஏற்பாடு இன்னும் முடிவடையவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இக்கேள்வியின் கனத்தை உக்ரைன் நமக்கு உணர்த்தியது. மருத்துவம் பயில நம் நாட்டிலிருந்து பல்லாயிரம் மாணவர்கள் அங்குச் சென்றிருந்தனர். 2022 ஜனவரி இறுதியிலேயே, அங்குள்ள இந்தியர் அனைவரும் தம்மைப் பற்றிய விவரங்களைப் பதிவு செய்து கொள்ளுமாறு கீவ் நகரிலுள்ள நமது தூதரகம் கேட்டுக் கொண்டது. பிப்ரவரி 15 அன்று, தங்கியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதோர், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்று அறிவுறுத்தியது. 20ஆம் நாள் மீண்டும் ஓர் அறிவிப்பு வெளிவந்தது. 22ஆம் நாள் வந்த அறிவிப்போ, இணையவழி வகுப்புகள் குறித்துப் பல்கலைக்கழகங்கள் முறைப்படி அறிவிக்கும் வரை காத்திராமல் புறப்படுங்கள் என்றே கூறியது. 24ஆம் நாள் அதிகாலையில் போர் மூண்டது, வான்வழி அடைக்கப்பட்டது, மாணவர்களை அழைத்துவரச் சென்ற ஏர் இந்தியா விமானமும் பாதி வழியில் திரும்ப நேர்ந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை நாடறியும். மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில் கர்நாடகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார். மறுநாள், அந்நகரிலுள்ள இந்தியர்கள் மாலை 6 மணிக்குள், வாகனம் கிடைக்காவிடில் நடந்தேனும், அருகிலுள்ள சிற்றூர்களை அடைந்து விடுமாறு தூதரகம் அறிவித்தது. சுமி நகரில் சிக்கிக் கொண்ட ஏறத்தாழ 700 மாணவர்கள் மார்ச் 8 அன்றுதான் வெளியேற முடிந்தது. ‘ஆபரேஷன் கங்கா’ என்னும் பெயரில் 90 விமானங்கள் இயக்கப்பட்டு, போலந்து, ருமேனியா, ஹங்கேரி, சுலோவாக்கியா ஆகிய அண்டை நாடுகளின் வழியாக நம்மவர்கள் மீட்கப்பட்டனர்.

எச்சரிக்கை வந்தும் அவர்கள் ஏன் புறப்படவில்லை என்று கேட்பது எளிது. வகுப்புகள் நடந்து கொண்டிருந்தன. வருகைப் பதிவு குறைந்தால் ஓராண்டு வீணாகும் என்ற அச்சம் இருந்தது. விமானக் கட்டணமோ சாதாரணக் குடும்பங்களால் தாங்கவியலாததாக இருந்தது. வாப்பா பட்ட கடனை எண்ணிப் பார்க்கும் பிள்ளை, “இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்” என்றுதான் முடிவெடுக்கும். அத்தயக்கம் பொறுப்புணர்ச்சியிலிருந்து பிறப்பது; ஆபத்தும் அதிலேயே அடங்கியுள்ளது. எனவே அந்தத் தயக்கத்தை நீக்கும் கடமை பெற்றோரைச் சார்ந்தது. “தூதரகம் புறப்படச் சொன்னால் அன்றே புறப்பட்டு விடு, பணத்தையும் படிப்பையும் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்” என்ற சொல்லை விமான நிலையம் செல்வதற்கு முன்பே பிள்ளையின் காதில் போட்டு விடுங்கள்.

பதிவு செய்தல் என்பது வெறும் சடங்கன்று. தன் பொறுப்பில் எத்தனை பேர், எந்த ஊரில் உள்ளனர் என்று அறியாத தூதரகம் எத்தனை பேருந்துகளை அனுப்பும்? 2025 ஜூனில் ஈரான் மீது தாக்குதல் தொடங்கியபோது, பெரும்பாலும் காஷ்மீரைச் சேர்ந்த 110 மாணவர்கள் ஆர்மீனிய எல்லை வழியாக வெளியேற்றப்பட்டு, 19ஆம் நாள் டில்லி வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் உர்மியா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். யார் எங்கே இருக்கின்றனர் என்ற கணக்கு இருந்தால்தான் இத்தகைய மீட்பு விரைவாக நடந்தேறும்.

நமது வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய இணையதளத்திற்கு ‘மதத்’ என்று பெயர். அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த அச்சொல்லின் பொருள் ‘உதவி’ என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அயல்நாட்டில் துன்புறும் இந்தியரும், ஊரிலுள்ள அவர்தம் குடும்பத்தாரும் அதன்வழி முறையிடலாம். மாணவர்கள் தம்மைப் பதிவும் செய்து கொள்ளலாம். நிர்க்கதியாக நிற்போருக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், சட்ட உதவி, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றை வழங்குவதற்கென இந்தியச் சமுதாய நல நிதி ஒன்று 2009இல் ஏற்படுத்தப்பட்டது. வசதியற்றோருக்குத் தூதரகமே அந்நிதியிலிருந்து உதவி செய்கிறது. சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகமும் உள்ளது.

பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய மற்றோர் உரிமையும் உண்டு. 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவின்படி, அயல்நாட்டில் கைது செய்யப்படுபவர் தம் நாட்டுத் தூதரகத்திற்குச் செய்தி அனுப்பக் கோரலாம். அவ்வுரிமையை அதிகாரிகள் தாமதமின்றி அவருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஆனால் கோரிக்கை கைதானவரிடமிருந்து வரவேண்டும். அஞ்சி வாய்மூடி நிற்பவருக்கு அவ்வுரிமை பயன்படாமலே போகலாம். புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிடுவதற்கு முன், “என் தூதரகத்திற்குத் தெரிவியுங்கள்” என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள்.

சில துன்பங்கள் இங்கேயே தொடங்கி விடுகின்றன. 2011இல் கலிபோர்னியாவின் டிரைவேலி பல்கலைக்கழகம் மோசடி என்று தெரியவந்தபோது, இந்திய மாணவர் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. 2019இல் மிச்சிகனில் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்பதில் சேர்ந்திருந்த 129 இந்தியர் கைதாயினர். அது வகுப்போ ஆசிரியரோ இல்லாமல், குடியேற்ற மோசடியைப் பிடிக்க அமெரிக்க அதிகாரிகளே அமைத்த பொறி. தரகரின் வார்த்தையை மட்டும் நம்பாமல், அக்கல்லூரி உண்மையில் நடைபெறுகின்றதா, அந்நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்றதா என்று விசாரித்தறிவது நம் கடமை.

நல்ல கல்லூரிகளிலும் கேட்டறிய வேண்டியவை உள்ளன. அமெரிக்கக் கல்லூரிகள் தம் வளாகத்தில் நிகழும் குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கூறுகிறது. வேண்டுவோர் அதைப் படித்துப் பார்க்கலாம். அயல்நாட்டு மாணவர் அலுவலகம், வளாகக் காவல், மனநல ஆலோசகர் ஆகியோர் எங்குள்ளனர் என்பதை முதல் வாரத்திலேயே பிள்ளைகள் தெரிந்து கொள்ள வேண்டும். தனிமையும் நோன்பு, பெருநாள் காலத்து ஏக்கமும் சிலரை வாட்டக்கூடும். ஆலோசகரிடம் செல்வது இழுக்கன்று என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புங்கள். அவசர உதவிக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, ஆஸ்திரேலியாவில் 000 என்னும் எண்களை அழைக்க வேண்டும்.

கருத்தரங்கிற்கும் ஆய்விற்கும் செல்லும் பேராசிரியர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். ஷெங்கன் விசாவிற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் அதை எடுத்து விடுகிறோம். ஆனால் அப்பத்திரத்தைப் படித்துப் பார்ப்பவர் சிலரே. அவரை அனுப்பும் கல்லூரியும் பயண விவரம், தங்குமிடம், குடும்பத்தாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிந்து வைத்து, இரவிலும் அழைப்பை ஏற்க ஒருவரை நியமிக்க வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கைப்பேசி தொலைந்து போகலாம். அதன் மின்சாரமும் தீர்ந்து போகலாம். தூதரகத்தின் முகவரியையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் நகலுடன் பிள்ளையின் கைப்பையில் வையுங்கள். மற்றொரு நகல் வீட்டில் இருக்கட்டும். நம் ஊர் ஜமாஅத்துகள் திருமணத்திற்குப் பதிவேடு வைத்திருப்பதைப் போலவே, எந்த வீட்டுப் பிள்ளை எந்நாட்டில், எந்தக் கல்லூரியில் பயில்கிறது என்பதற்கும் ஒரு பதிவேடு வைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவில்லை, பொறுப்பேற்க ஒருவரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள், இன்ஷா அல்லாஹ், அதைச் செய்து முடிப்போமாக.