முதல் பரிசோதனை யாருக்கு?

கல்யாணமாகி நான்கு வருஷம். கிள்ளானிலிருந்து ஒரு நேயர், ‘பேர் வேண்டாம்கா’ என்று சொல்லிவிட்டு, நிகழ்ச்சி முடிந்த பிறகு பேசினார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊரிலிருந்து வந்த லேகியம், பிரிக்பீல்ட்ஸ் ஜோசியர் சொன்ன பரிகாரம் என எல்லாம் ஆகிவிட்டது. எல்லாம் இவருக்கே. “வீட்டுக்காரருக்கு?” என்று கேட்டேன். “அவனுக்கு என்ன குறை, நல்லாத்தானே இருக்கான்னு மாமி சொல்றாங்க.”

இந்த ‘நல்லாத்தானே இருக்கான்’ என்பதில்தான் சிக்கல். விதைப்பைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மீசை, குரல், தாம்பத்திய ஆசைக்கான ஹார்மோனைச் சுரப்பது ஒரு வகை செல். விந்தணு உருவாவது வேறு இடத்தில், வேறு செல்களிலிருந்து. முதல் வேலை நன்றாக நடக்கும்போதே இரண்டாவது முழுசாக நின்றிருக்கலாம். வெளியில் ஒன்றும் தெரியாது.

ஆணின் உடலுக்கு விதையை அமைக்கச் சொல்லும் எஸ்.ஆர்.ஒய். மரபணுவை 1990இல் லண்டன் விஞ்ஞானிகள் ஒய் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். அதனால் ஆண் சமாச்சாரம் எல்லாமே ஒய்யில்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் பல ஆண்டுகளாக இதைத்தான் தோண்டுகிறார்கள். 2022இல், குழந்தையில்லாத 47 ஆண்களின் மரபணுக்களை அலசி, பிறகு சுமார் 1,500 பேரிடம் சரிபார்த்து, எட்டு மரபணுக்களில் கோளாறு இருப்பதாக அறிவித்தார்கள். அதில் ஒன்றில் பிழை வந்தால் செல் பிரிவதே பாதியில் நின்றுவிடும். போதுமான விந்தணு உருவாகாது.

2024இல் அவர்கள் சொன்னது டெக்ஸ்13பி என்ற மரபணுவை. விந்தணு உருவாக அது வேண்டும். ஆனால் அது இருப்பது எக்ஸ் குரோமோசோமில்! மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. மருமகளைக் குறைசொல்லும் மாமியார்கள் இந்த வரியை இன்னொருமுறை படிக்கலாம். (உடனே அவரைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். விந்தணு சம்பந்தப்பட்ட மரபணு என்பதால் அவர் உடம்பில் எந்த அறிகுறியும் இராது. தெரிய வழியே இல்லை.)

ஒய்யில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கிற ஆண்களும் உண்டு. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் அவர்களில் சிலர் அப்பாவாகிறார்கள். பிறப்பது மகன் என்றால் அதே குறை அவனுக்கும் போகும். சிகிச்சைக்கு முன்பே மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் கருவளப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்றது உலக சுகாதார நிறுவனம், 2023இல். விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. கோலாலம்பூரில் எல்.பி.பி.கே.என். நடத்தும் கிளினிக்கிலும் விசாரிக்கலாம். சிகிச்சைக்கு இ.பி.எஃப். பணத்தை எடுக்கவும் வழி உண்டு. செலவு பெரிசு என்பதால் முதலில் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம்: ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இடையில் டிங்கி மாதிரி கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையலாம். காய்ச்சல் வந்ததை டாக்டரிடம் சொல்லி, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.