சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்

2004-ம் ஆண்டில் ஜப்பானின் என்இசி நிறுவனத்திடமிருந்து இரண்டு டிவிடி ரைட்டர்கள் அடுத்தடுத்துச் சந்தைக்கு வந்தன. முதலில் வந்த என்டி-2500ஏ, ஓரடுக்கு டிஸ்க்கில் 4.7 ஜிகாபைட் வரை எழுதும். அதன் பின்னால் வந்த என்டி-2510ஏ, அப்போதுதான் அறிமுகமாகியிருந்த இரட்டை அடுக்கு டிஸ்க்கிலும் எழுதும். அதன் கொள்ளளவு 8.5 ஜிகாபைட். முதலாவதை அவசரப்பட்டு வாங்கியவர்களுக்கு வயிறெரிந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஆர்வலர்கள் திருத்தி அமைத்த ஃபர்ம்வேரை ஏற்றியதும், பழைய 2500ஏ-வும் இரட்டை அடுக்கில் எழுத ஆரம்பித்தது. ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. ஒரு பாகத்தைக்கூட மாற்றவில்லை.

வாங்கும்போது இல்லாத வசதி பிறகு எங்கிருந்து வந்தது? வேறு எங்கிருந்தும் வரவில்லை. அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், பழைய சிடி, டிவிடி ரைட்டர்களுக்கு ஃபர்ம்வேர் மூலம் எதைச் சேர்க்க முடியும், எதைச் சேர்க்கவே முடியாது என்பது தானாக விளங்கிவிடும்.

டிஸ்க்கில் எழுதும் எந்த டிரைவுக்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும், லென்ஸ் எங்கே நகர வேண்டும், லேசர் எந்தக் கணத்தில் எவ்வளவு சக்தியோடு ஒளிர வேண்டும் என்று உத்தரவு போடுவது அதில் தங்கியிருக்கும் புரோகிராம். அதுதான் ஃபர்ம்வேர். கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் இது அழியாது. டிரைவின் சொந்த சிப்பில் குடியிருப்பது அது. ஆரம்ப கால டிரைவ்கள் சிலவற்றில் இது தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது. அவற்றில் மாற்றத்துக்கே வழியில்லை. அழித்து எழுதக்கூடிய ஃப்ளாஷ் மெமரி வந்த பிறகுதான், தயாரிப்பாளர் பிழைகளைத் திருத்திப் புதிய ஃபர்ம்வேரை வெளியிடுவதும், வாங்கியவர் அதை வீட்டிலேயே ஏற்றிக்கொள்வதும் சாத்தியமாயிற்று.

இப்படி வந்த புதுப்பிப்புகளில் பெரும்பாலானவற்றின் நோக்கம் பகட்டான புதிய வசதி அல்ல. புதிய டிஸ்க்குகளை டிரைவுக்கு அறிமுகம் செய்துவைப்பதுதான். வெற்று டிஸ்க் என்பது வெறும் பிளாஸ்டிக் வட்டம் இல்லை. ஒரே ஒரு முறை எழுதும் வகையில் சாயப் பூச்சு ஒன்று உண்டு. லேசரின் சூட்டில் சாயம் மாறிய இடங்களும் மாறாத இடங்களும் சேர்ந்துதான் தகவல் ஆகின்றன. சயனின், தாலோசயனின், அசோ என்று சாயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தோசைக்கும் ஆப்பத்துக்கும் ஒரே தீ வைக்க முடியாதது போல, எல்லாச் சாயத்துக்கும் ஒரே லேசர் சக்தி சரிப்படாது.

அதனால் டிஸ்க்கின் பள்ளத்திலேயே தயாரிப்பாளரின் குறியீடு பதிக்கப்பட்டிருக்கும். டிரைவ் முதலில் அதைப் படிக்கிறது. பிறகு தன் ஃபர்ம்வேரில் உள்ள பட்டியலில் அந்தக் குறியீட்டைத் தேடுகிறது. கிடைத்தால், அந்தச் சாயத்துக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு நேரம், எந்த வேகம் என்பது தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் பொதுவான ஒரு முறையில், பெரும்பாலும் குறைந்த வேகத்தில், எழுதிப் பார்க்கும். சில சமயம் எழுதவே மறுக்கும். கடையில் வாங்கிய நல்ல டிஸ்க் ஒரு டிரைவில் பழுதில்லாமல் எழுதப்படுவதும், இன்னொன்றில் பாதியில் கெட்டுப்போவதும் பல நேரங்களில் இதனால்தான். புதுப்பித்த ஃபர்ம்வேரில் அந்தப் பட்டியல் நீளும். வெளியே சொல்லிக்கொள்ளும்படியான வசதி இல்லை. ஆனால் பழைய டிரைவுக்கு ஃபர்ம்வேர் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுதான்.

இரண்டாவது உபகாரம் ஒரு சிறு குறியைப் பற்றியது. டிவிடி பிளஸ் ஆர் வகை டிஸ்க்குகள் 2002-ல் வந்தபோது, வீடுகளில் இருந்த பழைய டிவிடி பிளேயர்கள் சில அவற்றைப் படிக்க மறுத்தன. டிஸ்க்கின் ஆரம்பத்தில் அது எந்த வகை என்று சொல்லும் ஒரு குறி இருக்கிறது. 'புக் டைப்' என்று அதற்குப் பெயர். பழக்கமில்லாத குறியைப் பார்த்ததும் பிளேயர் கையை விரித்துவிடும். எழுதும்போதே அந்தக் குறியை 'டிவிடி-ராம்' அல்ல, கடையில் விற்கும் திரைப்பட டிஸ்க்குகளுக்குரிய 'டிவிடி-ரோம்' என்று போட்டுவிட்டால், பல பிளேயர்கள் மறுபேச்சில்லாமல் ஓட்டும். இந்த மாற்றத்துக்குப் புதிய பாகம் எதுவும் தேவையில்லை, சில வரி புரோகிராம் போதும். பல டிரைவ்களுக்கு இது ஃபர்ம்வேர் வழியாகவே வந்து சேர்ந்தது.

மூன்றாவது வேகம். தைவானின் லைட்-ஆன் தயாரித்த 40 மடங்கு வேக சிடி ரைட்டர் ஒன்றில் 48 மடங்கு வேக மாடலின் ஃபர்ம்வேரை ஏற்றி, அந்த வேகத்துக்கே கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். காசு கொடுக்காமல் அடுத்த மாடல் கைக்கு வந்தது போல.

ஒரே இயந்திரத்தை இரண்டு பெயரில் இரண்டு விலைக்கு விற்பது நியாயமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். தயாரிப்பாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரே வரிசையில் தயாராகும் லேசர்கள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. இரட்டை அடுக்கு டிஸ்க்கில் மேல் அடுக்கை ஊடுருவித்தான் இரண்டாம் அடுக்கில் எழுத வேண்டும். அதற்குக் கூடுதல் சக்தி வேண்டும், குறியும் துல்லியமாக இருக்க வேண்டும். 48 மடங்கு வேகத்தில் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுழலும். இதையெல்லாம் ஒவ்வொரு டிரைவும் ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்று சோதித்து உத்தரவாதம் கொடுப்பது வேறு, ஒரு முறை எழுதிக் காட்டுவது வேறு. திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றிய 2500ஏ-க்களில் சில அழகாக எழுதின, சில டிஸ்க்குகளைப் பாழாக்கின. ஃபர்ம்வேர் பூட்டைத் திறந்தது. உள்ளே இருந்த லேசரின் தரத்தை அது மாற்றவில்லை.

இனி, எந்த ஃபர்ம்வேராலும் ஆகாதவை. சிடியில் எழுதும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டிவிடிக்கு 650. ப்ளூ-ரேக்கு 405. சிடி ரைட்டரை டிவிடி ரைட்டராக்க வேண்டுமானால் அதற்குள் இன்னொரு லேசர் முளைக்க வேண்டும். டிவிடி ரைட்டர் ப்ளூ-ரே ஆவதும் அப்படியே. டிஸ்க்கின் மேல்புறத்தில் லேசராலேயே பெயரும் படமும் வரையும் 'லைட்ஸ்கிரைப்' என்ற ஹெச்பியின் தொழில்நுட்பம் 2004-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு டிஸ்க்கின் நடுவளையத்தில் உள்ள குறிகளைப் படிக்கும் தனி சென்சார் டிரைவில் இருக்க வேண்டும். இல்லாத கண்ணைப் புரோகிராம் கொடுக்காது.

சிடி எழுதிப் பழகியவர்களுக்கு நினைவிருக்கும் இன்னொரு தொல்லை, எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் தகவல் அனுப்புவதில் தாமதித்தால் டிஸ்க் வீணாகிவிடுவது. எழுதும்போது மவுசைத் தொடவே பயந்த காலம் அது. 2000-ல் சான்யோவின் 'பர்ன்-ப்ரூஃப்' இதற்கு முடிவு கட்டியது. தகவல் தீர்ந்தால் லேசரை நிறுத்தி, வந்ததும் விட்ட இடத்திலேயே தொடர்வது அதன் உத்தி. ஆனால் அதற்கேற்ற சிப் உள்ள டிரைவ்களில்தான் அது வந்தது. அதற்கு முந்தைய டிரைவை வைத்திருந்தவர்கள் புதிது வாங்க வேண்டியிருந்தது. சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற அடுக்கில் எழுதும் 'எம்-டிஸ்க்'கின் கதையும் இதுவே. அதற்கு வலுவான லேசர் தேவை என்பதால், குறிப்பிட்ட டிரைவ்களுக்கு மட்டுமே ஒப்புதல் கிடைத்தது.

ஆக, ஒரு வசதியைத் தேடிப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. டிரைவுக்கு இல்லாதது அறிவா, அங்கமா? அறிவு என்றால் ஃபர்ம்வேர் கொடுக்கலாம். அங்கம் என்றால் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஃபர்ம்வேர் கொடுக்க மட்டும்தான் வரும் என்று நினைப்பதும் தவறு. அது பறிக்கவும் செய்யும். 4கே படங்களுக்கான அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே 2016-ல் வந்தது. எல்ஜி, அசூஸ் நிறுவனங்களின் சில சாதாரண ப்ளூ-ரே டிரைவ்கள், அப்படி விளம்பரப்படுத்தப்படாமலேயே, தனி சாஃப்ட்வேர் துணையோடு அந்த டிஸ்க்குகளைப் படித்தன. பிந்தைய ஃபர்ம்வேர் அந்தக் கதவை மூடியது. புதியது என்றால் நல்லது என்று நம்பி ஏற்றியவர்கள் இருந்ததை இழந்தார்கள். பழைய பதிப்புக்குத் திரும்புவதையும் சில புதுப்பிப்புகள் தடுத்தன.

மண்டலப் பூட்டும் இந்த ரகம்தான். டிவிடி வர்த்தகத்தில் இந்தியா 5-ம் மண்டலம். 2000-க்குப் பிறகு வந்த டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். பிறகு கடைசியாக வைத்ததிலேயே அது நின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய, காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் இங்கே ஓடாததற்கு டிரைவின் பலவீனம் காரணமல்ல. ஓடக் கூடாது என்று எழுதிவைத்த ஃபர்ம்வேரே காரணம். திருத்திய ஃபர்ம்வேர்கள் இந்த எண்ணிக்கையையும் நீக்கின. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது, வாங்கியவருடையதா, விற்ற பிறகும் உள்ளிருந்து உத்தரவு போடுபவருடையதா என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. ஃபோன், கார், டிராக்டர் வரை இன்று அதே கேள்வி நீண்டிருக்கிறது. சட்டத்தையும் மறந்துவிட முடியாது. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது, 2012-ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டத்துக்கு முன்பே தண்டனை கொடுக்கக்கூடியது மின்வெட்டு. பழைய ஃபர்ம்வேர் அழிந்து புதியது ஏறிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில் கரண்ட் போனால், டிரைவுக்குத் தான் யார் என்பதே மறந்துவிடும். சில மாடல்களை மீட்க வழியுண்டு. மற்றவை குப்பைக்குத்தான். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மாடலாக இருக்கலாம். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்காகத் தயாரித்த டிரைவும் கடையில் தனியாக விற்ற டிரைவும் தோற்றத்தில் ஒன்று போலிருந்து, ஃபர்ம்வேரில் வேறாக இருப்பதுண்டு. புதுப்பிப்போடு வரும் குறிப்பைப் படித்து, தனக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், ஒழுங்காக ஓடுகிற டிரைவை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு விஷயம். இந்தப் புதுப்பிப்புகளின் காலமே முடிந்துகொண்டிருக்கிறது. தரமான வெற்று டிஸ்க்குக்குப் பெயர்போன தாய்யோ யூடன் 2015-ல் அந்தத் தொழிலை விட்டு விலகியது. பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. பழைய டிரைவ்களின் பட்டியலில் புதிய டிஸ்க்கைச் சேர்க்க இனி யாரும் உட்கார்ந்து வேலை செய்யப்போவதில்லை. பெரும்பாலானவற்றுக்கு இருப்பதே கடைசிப் பதிப்பு.

ஆனால் டிஸ்க்குகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. கல்யாண டிவிடி, குழந்தையின் முதல் பிறந்தநாள், ஆஸ்பத்திரி கொடுத்த ஸ்கேன் சிடி, வழக்கில் தாக்கல் செய்த பதிவின் நகல். இவற்றில் பல சாயப் பூச்சில் எழுதப்பட்டவை. சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும், யாருக்காகவும் காத்திருக்காது. பழைய டிரைவ் புதிதாக என்ன செய்யும் என்று யோசிக்கிற நேரத்தில், அது இன்றைக்கும் நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் படித்து, உள்ளதையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதிகளாக எடுத்து வைப்பது. இதற்கு எந்த ஃபர்ம்வேரும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.