பின்பக்கத்தைத் தூக்காதீர்கள்!

பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மொத்த முன்பக்கமும் முன்னால் கவிழும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றதும் தாத்தாக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961-ல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கினார்கள். காரைக்கால் அப்போது காகித அளவில் பிரெஞ்சு மண். சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான்!

இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-ல் டிரையம்ப் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். உடம்பு வேறு, பின்சக்கர அமைப்பு அதே. குணமும் அதே, குறையும் அதே.

காரைக்காலில் ஒரு வீட்டு ஷெட்டில் பழைய ஹெரால்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரன் அதை மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறான். பின்பக்கம் தொய்ந்து கிடக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள்? “ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு தம்பி. பட்டைக்கு நல்லா வளைவு ஏத்தி, ரெண்டு கெட்டியான ஷாக் அப்சார்பர் போட்டுட்டா கல்லு மாதிரி நிக்கும்.”

லாரிக்கு அது சரியான வைத்தியம். ஹெரால்டுக்கு அதுவே வினை.

காரணம் புரிய உங்கள் கைகளே போதும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல்கள் வானத்தைப் பார்க்கும்படி உள்ளங்கையை நிமிர்த்துங்கள். தோள்தான் டிஃபரன்ஷியல், கைதான் ஆக்ஸில், உள்ளங்கைதான் சக்கரம். இப்போது கைகளை மெதுவாகக் கீழே இறக்குங்கள். விரல்கள் வெளிப்பக்கம் சாய்கின்றன, உள்ளங்கையின் அடிப்பக்கம் உடம்பை நோக்கி வருகிறது அல்லவா? காரின் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களுக்கு நடப்பதும் இதுதான். அடிப்பக்கம் உள்ளே மடங்கி, டயர் ஓரத்தில் மட்டும் நிற்கும். இந்த அமைப்புக்கு ‘ஸ்விங் ஆக்ஸில்’ என்று பெயர்.

நேரான ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஆற்றுப்பாலத்தை ஒட்டிய திருப்பத்தில் வேகமாகத் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் வண்டியின் பின்பாகத்தை உந்தி மேலே தூக்கும். பயந்துபோய் பிரேக்கை மிதித்தால் இன்னும் தூக்கும். சக்கரம் அடியில் மடங்க, பிடி போய், வால் வெளியே வீசும். பின்சீட்டில் குழந்தைகள் இருக்கும் வண்டிக்கு இது சின்ன விஷயமா?

ஹெரால்டை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. அமெரிக்காவின் செவ்ரோலே கார்வேர் காரின் ஸ்விங் ஆக்ஸிலை 1965-ல் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தில் போட்டுக் கிழித்தார். டிரையம்ப் நிறுவனமும் 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் ஸ்பிரிங்கை மாற்றியது. அதில் ஒரு பட்டை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுகியிருக்கும், மற்றவை ஊஞ்சல்போல அசைந்துகொடுக்கும். நம் சென்னைக்காரர்கள் இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, சாதாரண ஒற்றை ஆக்ஸிலை வைத்தார்கள்.

அப்படியானால் பேரன் என்ன வாங்குவது?

முதலில் ஸ்பிரிங், பிறகுதான் ஷாக் அப்சார்பர். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதிப்பதை அடக்குவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. தொய்ந்த ஸ்பிரிங்கைக் கெட்டியான ஷாக் அப்சார்பர் நிமிர்த்தாது. இடுப்புதான் வலிக்கும்.

ஸ்பிரிங்கில் பார்க்கவேண்டியது உயரம். வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு பின்னாலிருந்து பார்த்தால், சக்கரங்களின் மேல்பாகம் லேசாக உள்ளே சாய்ந்து, காலை அகட்டி நிற்பதுபோல இருக்கவேண்டும். பார்ப்பவர்கள் ‘ஸ்பிரிங் போச்சா?’ என்று கேட்பார்கள், கேட்கட்டும். அதற்காக ரொம்பவும் தொய்ந்தால் டயரின் உள்பக்கம் தேயும், ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். புது ஸ்பிரிங் போட்டு வண்டி உயரமாக நின்றால், டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு கட்டை வைத்துப் பின்பக்கத்தை இறக்கலாம். ஊஞ்சல் ஸ்பிரிங் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அது வண்டி சாய்வதைக் குறைவாகவே தடுக்கும். அதனால் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் தடிமனாக மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

ஷாக் அப்சார்பருக்கு நடுத்தர இறுக்கம் போதும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை என்றால், குறைந்த அளவில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்க்கலாம். பின்பக்கத்தை இறக்கியிருந்தால் நீளத்தையும் கவனிக்கவேண்டும். பழைய நீளத்திலேயே வாங்கினால், பள்ளத்தில் விழும்போது ஷாக் அப்சார்பர் முழுசாக அமுங்கி முட்டிக்கொள்ளும்.

காரைக்காலில் இன்னொரு எதிரி, உப்புக்காற்று. பட்டைகளுக்கு நடுவே துரு ஏறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் ஸ்பிரிங்கே இறுகிவிடும். புதிது வாங்கும்முன் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவிப் பார்ப்பது செலவு குறைந்த வழி. ஷாக் அப்சார்பரின் மேல்முனை மாட்டும் அடிச்சட்டத்தையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் ‘டங்’ என்று இல்லாமல் மந்தமாக வந்தால், முதலில் வெல்டிங் வேலை, அதற்குப் பிறகு ஷாக் அப்சார்பர்.

பொருத்தும்போது ஒரு விஷயம். ஜாக்கியை இறக்கியதும் சக்கரங்கள் மடங்கியே நிற்கும். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பதற்றம் வரும். வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டுங்கள், தானாக உட்காரும். உயரத்தை அளப்பதும், ரப்பர் புஷ் போல்டுகளைக் கடைசியாக இறுக்குவதும் அதற்குப் பிறகுதான்.