கடைசி பஸ் நட்டமாம்! யாருக்கு நட்டம்?



இரவு எட்டரை மணிக்கு டவுனிலிருந்து நமது தோட்டங்களுக்குப் புறப்பட்ட கடைசி பஸ் நிறுத்தப்பட்டு மூன்று மாதமாகிறது. அறிவித்தல் ஒன்றும் ஒட்டவில்லை. தோட்டக் கமிட்டிகளைக் கூப்பிட்டுப் பேசவும் இல்லை. கேட்கப் போனவர்களுக்குக் கிடைத்தது ஒரே பதில்: "அந்த ட்ரிப் நட்டத்தில ஓடுது."

நட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. யாருக்கு நட்டம், எவ்வளவு நட்டம், அந்தக் கணக்கை எழுதியது யார் என்று கேட்க வேண்டும்.

அவர்கள் எண்ணுவது டிக்கெட்டை. டிக்கெட் வாங்கிய ஆட்கள் யார் என்று அவர்கள் பார்ப்பதில்லை. புடைவைக் கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வரும் பிள்ளைகள், ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவிவிட்டு வரும் பெண்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருபவர்கள், கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள், இவர்கள்தான் அந்தப் பஸ்ஸில் வந்தார்கள். இன்று இவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று ஓட்டோ. மற்றது, சிறுத்தை நடமாடும் தேயிலை மலையூடாக டோர்ச் வெளிச்சத்தில் நடை. 1,000 ரூபா நாட்சம்பளம் 2021இல் வந்தது. 1,350 ரூபா 2024இல் வந்தது. அதற்காக எத்தனை ஆண்டு வீதியில் நின்றோம் என்பது நமக்குத் தெரியும். அப்படி வாங்கிய சம்பளத்தை ஓட்டோவுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு என்ன கொண்டு போவது? டிப்போவின் புத்தகத்திலிருந்து அழிக்கப்பட்ட நட்டம் எங்கும் போய்விடவில்லை. நமது லயத்துக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பஸ் இரவில் தோட்டத்திலேயே தங்கும். விடிகாலையில் அதே பஸ்தான் முதல் பஸ்ஸாக டவுனுக்கு இறங்கும். கிளினிக்குக்கு நம்பர் எடுக்கப் போகிறவர்களும், கொழும்புக்கு முதல் பஸ் பிடிக்கிறவர்களும் அதில்தான் போனார்கள். இரவு பஸ்ஸை நிறுத்தியதும் காலை பஸ்ஸும் போய்விட்டது. நட்டக் கணக்கு எழுதியவர்கள் இரவில் ஏறியவர்களை மட்டும் எண்ணினார்களா, விடிகாலையில் இறங்கியவர்களையும் சேர்த்து எண்ணினார்களா?

ஆசிரியை என்ற முறையில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் மாலை வகுப்புக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். பஸ் நின்ற பிறகு முதலில் வகுப்பை விட்டவர்கள் பெண் பிள்ளைகள். "இருட்டுல எப்படி டீச்சர் அனுப்புறது?" என்று தாய்மார் கேட்கும்போது, அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பஸ் நிற்பதால் ஒரு பிள்ளையின் பாடமே மாறுகிறது. அந்த நட்டத்தை எந்த லெஜரில் எழுதுவது?

"எல்லா நாட்டிலும் இப்படித்தான், ஆள் குறைந்தால் பஸ்ஸை நிறுத்துவார்கள்" என்று சிலர் நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். சரி, இன்னொரு நாட்டையே பார்ப்போம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் 2001இல் ஆரம்பித்த வார இறுதி இரவு பஸ் சேவை, 2005இல் செலவைக் காட்டி நிறுத்தப்பட்டது. 2014 மார்ச்சில் மறுபடியும் வெள்ளி, சனி இரவுகளில் ரயில்களையும் முக்கிய பஸ்களையும் பின்னிரவு வரை ஓட்டினார்கள். 2016 பெப்ரவரி 29ஆம் திகதி அதையும் நிறுத்தத் தீர்மானித்தார்கள். மார்ச்சில் சேவை நின்றது. செலவு அதிகம், பயணிகள் குறைந்துவிட்டார்கள், இரவில் பாதை திருத்த நேரம் போதவில்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

ஆனால் அங்கே மத்திய அரசின் போக்குவரத்து நிர்வாகம் குறுக்கே வந்து ஒரு கேள்வி கேட்டது. சேவையை நிறுத்தத் தீர்மானிக்கும் முன்பே, நிறுத்தினால் பாதிக்கப்படுவது யார் என்று ஆராய்ந்திருக்க வேண்டாமா என்பதே அந்தக் கேள்வி. அரசின் பணம் வாங்கும் எந்தச் சேவையும் இன, நிற பேதம் காட்டக் கூடாது என்கிறது அந்த நாட்டின் 1964ஆம் ஆண்டு குடிசார் உரிமைச் சட்டம். குறைந்த வருமானக்காரரும் கறுப்பின, சிறுபான்மை மக்களுமே அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று ஆய்வும் காட்டியது. அந்தச் சேவையை அப்போது காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. ஆனாலும், நிறுத்துமுன் ஆளைப் பார் என்று கேட்க அங்கே ஒரு சட்டம் இருந்தது. இங்கே நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நமது நாட்டிலும் இது புதிய தத்துவம் அல்ல. 1958இல் தனியார் பஸ்களை அரசுடைமையாக்கி இலங்கை போக்குவரத்துச் சபையை அமைத்தது, பஸ்ஸை மக்கள் சேவையாக நடத்துவதற்கே. இன்றும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் திட்டங்கள் இருக்கின்றன. மாணவருக்குச் 'சிசு செரிய'. வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்குக் 'கெமி செரிய'. இரவுப் பயணிகளுக்கு 'நிசி செரிய'. டிக்கெட் காசு போதாத இடத்தில் அரசு பணம் கொடுத்து பஸ் ஓட்டுவிக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டதால்தான் இந்தத் திட்டங்கள் வந்தன. அப்படியென்றால் தோட்டப் பாதைக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது? நாம் கொடுக்கும் வரியில் குறைவு இருக்கிறதா?

மலைநாட்டுக்கு வந்த பாதைகளின் கதையே இதுதான். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது கோப்பியை இறக்க. அந்தப் பாதை 1924இல் பதுளை வரை போனது தேயிலைக்காக. இன்றும் கொழுந்து லொறி எந்த மழையிலும் நிற்பதில்லை. கொழுந்து பறித்தவளின் மகள் வேலை முடிந்து வீடு வருவதற்குத்தான் நட்டக் கணக்கு பார்க்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். நமது சண்டை சாரதியோடும் கொண்டக்டரோடும் அல்ல. அவர்களும் தொழிலாளர்கள். ஆள் பற்றாக்குறையில் ஓய்வில்லாமல் ஓட்டுகிறவர்கள். இரவு தங்கும் இடத்தில் ஒழுங்கான அறையும் தண்ணீரும் அவர்களுக்கு வேண்டும் என்பதும் நமது கோரிக்கைதான். பாதையோரச் சிங்களக் கிராமத்து மக்களும் இதே பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டே கேட்போம்.

நமது கோரிக்கைகள்:

1. கடைசி பஸ்ஸும் அதனோடு போன விடிகாலை பஸ்ஸும் உடனே திரும்ப வர வேண்டும்.

2. வருமானம் போதாவிட்டால் இந்தப் பாதையை 'நிசி செரிய' திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

3. இனி எந்தச் சேவையையும் நிறுத்துமுன் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் கொடுத்து, தோட்ட மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

4. இரவு வரை வேலை வாங்கும் கடை, ஹோட்டல் முதலாளிகள் பிள்ளைகள் வீடு போய்ச் சேருவதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

வெறும் கோஷத்தால் இது நடக்காது. அவர்கள் கணக்கு காட்டினால் நாமும் கணக்கு காட்டுவோம். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் ஒரு கொப்பி வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு லயம் லயமாகப் போய் எழுதுங்கள்: இரவில் யார் வந்தார், எங்கிருந்து வந்தார், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார், ஓட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு தூரம் நடந்தார், எந்தப் பிள்ளை வகுப்பை விட்டது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கொப்பிகளை அடுத்த மாவட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மனுவோடு அவற்றையும் சேர்த்து மேசையில் வைப்போம்.

நட்டம் யாருக்கு என்பதை அவர்கள் நமது கையெழுத்திலேயே வாசிக்கட்டும்.